அன்னூருக்குக் கொடுத்த முறை

நல்ல இரும்பு கிடைக்காவிட்டால் நல்ல கணக்கை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவள் கோகிலவாணிதான். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் மாலை போட்டுவிட வேண்டாம். அன்றைக்கு அவளுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அவள் தம்பி நந்தகோபாலுக்கு இருதயம் பாதிதான் வேலை செய்தது. ஒரு விஷக் காய்ச்சல் வந்து போகும்போது மீதியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அந்த மீதி வேலையை அவன் இடுப்பில் கட்டியிருந்த பம்ப் பார்த்துக்கொண்டது. இரண்டு குழாய் வயிற்றுக்குள் போகும், ஒரு பேட்டரி தோளில் தொங்கும். "ஊருக்கெல்லாம் மோட்டார் பம்ப் கழட்டி மாட்டுனவன்க்கா நானு. கடைசில எனக்கே ஒண்ண மாட்டி உட்டுட்டாங்க பாரு" என்று சிரிப்பான். கோயமுத்தூர்க்காரனுக்கு பம்ப் என்றால் அப்படி ஒரு இளக்காரம்.

பம்புக்குள் சுற்றுவது ஒரு இம்பெல்லர். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். வளைந்து வளைந்து போகும் இதழ்கள். ரத்தம் படுகிற பொருள் என்பதால் இதழ் மேல் ஒரு மயிரிழை சொரசொரப்பு இருந்தாலும் அங்கே ரத்தம் கட்டிவிடும். ஆறேழு மாதத்தில் தேயும். புதிதாக ஒன்று போட வேண்டும். போடுவதும் பெரிய வேலை இல்லை, ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம். ஆனால் அதைச் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒருநாள் திவாலாகிக் கடையைச் சாத்திவிட்டது. பம்ப் மட்டும் இவன் இடுப்பில் நின்றது. இவனைப் போல இன்னும் எத்தனையோ பேர் இடுப்பிலும்.

கோகிலவாணி ஒரு பம்ப் தொழிற்சாலையில் மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்து, அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று மிச்சம் இருந்தது இந்தத் தம்பி ஒருத்தன்தான். அவன் உயிரையும் ஒரு கம்பெனியின் வரவுசெலவு முடிவு செய்யும் என்றால் அவளுக்குப் பொறுக்குமா? கோயமுத்தூர் கணபதியில் வீட்டுக் கார் ஷெட்டில் அக்காவும் தம்பியும் கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் செதுக்குகிற ஒரு சி.என்.சி. மிஷினைக் கட்டினார்கள். அடிப்பாகம் சமையல்மேடைக்கு வாங்கிப் போட்ட கிரானைட். தூண்கள் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. பக்கத்தில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டுகள், இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக.

முதல் இம்பெல்லரைக் கொண்டுபோய் டாக்டர் மெஹருன்னிசாவின் மேஜையில் வைத்தபோது அவர் லென்ஸில் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்கம்மா வாங்கினீங்க?"

"கார் ஷெட்லங்க."

"விளையாடாதீங்க."

"நெசமாங்க டாக்டர்" என்றாள் கோகிலவாணி. "கம்பெனி மிஷின் டன் கணக்குல கனமுங்க. வெட்டற டூல் போய் உலோகத்தைத் தொட்டாலும் அது அசையாது. எங்களுது தொட்டதும் வளையும், நடுங்கும். ஆனா எந்த நொடியில எவ்வளவு வளையும்னு முன்னாடியே கணக்குப் போட்டுட்டா, டூலை அவ்வளவு எதிர்ப்பக்கம் தள்ளி வெச்சுரலாம். குடிகாரன் கையைப் பிடிச்சுக் கோலம் போட வெக்கற மாதிரிதானுங்க."

"அதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணுமே?"

"பெருசு வேண்டாங்க. சின்னது நெறைய வேணும். ஒரு போர்டு சேத்துனா துல்லியம் கொஞ்சம் கூடும். பத்தலைன்னா இன்னொண்ணு. அடுக்கிட்டே போக வேண்டியதுதான்."

டாக்டர் தயங்கினார். அனுமதி இல்லாத பொருள். போட்டால் அவர் வேலைக்கே உலை. போடாவிட்டால் பையன் போய்விடுவான். ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் ஆட்டுரத்தத்தில் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போட்டுவிட்டார். இம்பெல்லர் பேஷாக ஓடியது.

சேதி எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? திருப்பூரிலிருந்து ஒருவர், பல்லடத்திலிருந்து ஒருவர், பொள்ளாச்சி, அன்னூர், தாராபுரம் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லார் வீட்டிலும் இடுப்பில் பம்ப் கட்டின ஆள் ஒருத்தர். நந்தகோபால் சளைக்காமல் எல்லாருக்கும் மிஷின் கட்டச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் கோகிலவாணியிடம் இருந்த அத்தனை போர்டு வேறு யாரிடமும் இல்லை. அவளிடம் இருந்ததுமே ஒழுங்காகப் போதவில்லை. முதல் இம்பெல்லர் ஒழுங்காக வருவதற்கு முன்னால் எத்தனை கட்டை பாழானது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டை என்றால் அந்த விசேஷ உலோகத் துண்டு. ஒன்று கிடைக்க மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிடும்.

அதனால்தான் எல்லார் வீட்டுப் போர்டுகளையும் ஒன்றாகக் கோத்துவிடலாம் என்று அவள் யோசனை சொன்னாள். முரட்டு வெட்டு வரைக்கும் அவரவர் மிஷினே பார்த்துக்கொள்ளும். கடைசி வெட்டு, அந்த மயிரிழை வேலைக்கு மட்டும் எல்லாப் போர்டும் சேர்ந்து ஒரே மிஷினுக்குக் கணக்குப் போடும். அது அரைப் பகலும் ஒரு ராத்திரியும் பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பிரித்தால் இரண்டு பேருக்கும் உதவாது. அப்படியானால் யார் முதலில், யார் பிறகு?

இதைப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். காலையில் ஆரம்பித்த சண்டை சாப்பாட்டு நேரம் வரை ஓயவில்லை. அதிகப் போர்டு வைத்திருப்பவருக்கு முதலில் என்றார் ஒருவர். வயசில் சின்னவருக்கு என்றார் இன்னொருவர். நந்தகோபால்தான் பேட்டரியைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"எங்க தோட்டத்துக் கெணறு அஞ்சு பங்காளிக்குப் பொதுவுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து முறைத்தண்ணிதான். அதையே இதுக்கும் வெச்சுக்கலாமுங்க. முறை வந்தவன் மடையில மத்தவன் மம்பட்டி வெக்கப்படாது. அவனாப் பாத்து இன்னொருத்தனுக்கு முறைய விட்டுக் குடுக்கலாம். குடுத்தவன் அவசரம்னு திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டா, வாங்குனவன் மறுபேச்சுப் பேசாம மடைய விட்டரோணும். ஏன்னா தண்ணி அவனுது. அவ்வளவுதானுங்க சட்டம்."

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இதில் விளக்க ஒன்றும் இல்லை. கைதட்டி ஒத்துக்கொண்டார்கள். பொள்ளாச்சி வாத்தியார் ஒருத்தர் மட்டும் கோகிலவாணியைப் பார்த்து, "புரோகிராமை எழுதப்போறது நீங்கதானுங்களே அம்மணி. நாளைக்கு உங்க தம்பிக்கு அவசரம்னா மாத்திக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. "நானே நெனச்சாலும் மாத்த முடியாத மாதிரி எழுதறேனுங்க" என்றாள். ரோஷக்காரி, சொன்னபடியே எழுதினாள். ஒவ்வொரு வீட்டுப் போர்டும் தனித்தனியாகச் சட்டத்தைச் சரிபார்க்கும். ஒரு வீட்டில் மாற்றினால் மற்ற வீடுகள் ஒத்துக்கொள்ளாது. முறையைக் கொடுக்கவும் திரும்ப வாங்கவும் முறைக்காரர் தன் கட்டைவிரலை ஒரு சின்னக் கருவியில் வைத்து அழுத்த வேண்டும். ஆளுக்கொரு கருவி, தீப்பெட்டி அளவில். யார் அழுத்தினாலும் அந்த நொடியே கணக்கு கைமாறும், எல்லார் திரையிலும் தெரியும். அழிக்க முடியாது.

எவ்வளவு சாமர்த்தியம்! ஆனால் அத்தனை பேர் கூடிய மண்டபத்தில் ஒருத்தருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. மடை பாதியில் திரும்பினால் பயிர் நாலு நாள் வாடும், அடுத்த முறைக்குத் தலை நிமிர்ந்துவிடும். உலோகம் அப்படி இல்லை. பாதி வெட்டில் கணக்கு நின்றால் டூல் குதறிவிடும். கட்டை கட்டைதான், மறுபடி முளைக்காது.

இரண்டு வருஷம் அந்தச் சட்டப்படி ஓடியது. ஒரு தகராறு இல்லை. இத்தனைக்கும் சிலர் முறையை விட்டுக்கூடக் கொடுத்தார்கள். திரும்பக் கேட்டவர் யாரும் இல்லை.

மூன்றாம் வருஷம் ஆடி மாதம். "இன்னைக்கு நம்ம முறை ஆரம்பிச்சாச்சுக்கா" என்று நந்தகோபால் காலையில் காபி குடிக்கும்போது சொன்னான். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஷெட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறான். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. இடுப்பில் பம்ப் வேறு மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா சுற்றி வளைக்கவில்லை.

"காய்ச்சல்ல ரத்தம் தடிச்சுப் போச்சும்மா. தேஞ்ச இம்பெல்லர் மேல கட்ட ஆரம்பிச்சிருச்சு. மருந்துல நாளைக் காலை வரைக்கும் தள்ளலாம். அதுக்குமேல என்னால முடியாது. புதுசு ரெடியாயிருச்சா?"

"காலையில ஆரம்பிச்சாச்சுங்க. விடியறதுக்குள்ள வந்துரும்" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போது அவளுக்குச் சந்தேகம் துளிகூட இல்லை. தன் மிஷினையும் தன் சட்டத்தையும் நினைத்துக் கும்பிட்டாள்.

கட்டை சரியாக வெட்டுப்படுகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனாள். மணி பத்தரை இருக்கும். ஷெட்டில் சத்தமே இல்லை. மிஷின் சும்மா நின்றது. முரட்டு வெட்டு முடிந்த இம்பெல்லர் பிடிப்பில் அப்படியே இருந்தது. திரையில் ஒரு வரி: 'நந்தகோபால் முறை. நடப்பது: அன்னூர், குழந்தைவேலு.'

கிரானைட் மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். அட பாவி, கொடுத்துவிட்டாயாடா?

குழந்தைவேலுவை அவளுக்குத் தெரியும். அன்னூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மனைவி சாந்தாமணிக்கும் இடுப்பில் பம்ப். முந்தின வாரம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சாந்தாமணி நாற்காலியிலிருந்து எழவே நாலு மூச்சு வாங்கினாள். அவர்கள் முறையில் வெட்டின இம்பெல்லரில் கீறல் விழுந்து வீணாகிப்போயிருந்தது. அடுத்த முறை தைக்குப் பிறகுதான். நந்தகோபால் தன்னிடம் இருந்த உபரிக் கட்டையைக் கொடுத்ததை அவளும் பார்த்தாள். அது போதாதென்று முறையையும் கொடுத்திருக்கிறான். அக்காவிடம் சொன்னால் திட்டுவாள் என்று மறைத்திருக்கிறான். அவன் சாகத் துணிந்து கொடுக்கவில்லை, அதுதான் கொடுமை. 'நமக்கு இன்னும் ரெண்டு மாசம் ஓடும், அதுக்குள்ள யாராச்சும் ஒரு முறை விட்டுக் குடுப்பாங்க' என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருப்பான். கணக்கும் சரிதான். காய்ச்சலை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

முதலில் குழுவில் இருந்த எல்லாருக்கும் போன் போட்டாள். எல்லாரும் பதறினார்கள். என் முறையை எடுத்துக்கங்க, என் முறையை எடுத்துக்கங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தாராபுரத்து ஆள் அழுதேவிட்டார். என்ன பிரயோசனம்? அவர்கள் முறையெல்லாம் இனி வரப்போவது. இப்போது ஓடுவதை யாரும் தொட முடியாது. பொள்ளாச்சி வாத்தியார் தாழ்ந்த குரலில், "அம்மணி, நீங்க எழுதுனதுதானுங்களே, ஏதாவது ஒரு வழி..." என்று இழுத்தார். அன்றைக்குக் கேட்ட அதே மனுஷர்.

"வழி வெக்கலீங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கடைசியாகக் குழந்தைவேலுவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அம்மணி" என்றார் அவர் உற்சாகமாக. "காத்தால இருந்து நல்லா ஓடுதுங்க. சத்தங்கூட மாறல. இவ கிட்டயே சேரைப் போட்டு உக்காந்துட்டா, எந்திரிக்க மாட்டீங்கறா. தம்பிகிட்ட சொல்லுங்க, எங்க கொலசாமி மாதிரி..."

"அண்ணா" என்று குறுக்கிட்டுச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், விடியும்வரைதான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சற்றுத் தள்ளி நடந்து வந்தது தெரிந்தது.

"இப்ப நிறுத்துனா கட்டை என்னாகுமுங்க?"

"போயிருமுங்கண்ணா."

"வேற கட்டை?"

"எங்ககிட்ட உபரியா இருந்ததுதான் உங்ககிட்ட இருக்கு. ஊர் முழுக்கக் கேட்டுப் பாத்துட்டேன். மத்தவங்ககிட்டயும் இல்லீங்க."

"அப்ப இவ?"

தை வரைக்கும் சாந்தாமணி தாங்குவாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தாங்கமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அம்மணி, பொய் சொல்லலைங்க, என்ற கையால நிறுத்த எனக்கு மனசு வல்லீங்க" என்றார் குழந்தைவேலு. "முறை தம்பியோடது. தம்பி ஒரு வார்த்தை கேக்கட்டும், அந்த நிமிஷமே விட்டர்றேன். அது ஞாயம். நீங்க கேக்கறது வேற, அவரு கேக்கறது வேறங்க."

"அவன் நெனப்பில்லாமக் கெடக்கறானுங்கண்ணா."

"நான் என்னங்க பண்ணட்டும்?"

அவருக்குப் பின்னால் சாந்தாமணி, "யாருங்க, அக்காவா? சாப்புட்டாங்களான்னு கேளுங்க" என்றது கேட்டது. கோகிலவாணி போனை அணைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நந்தகோபாலின் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் அவளிடம் கொடுத்தாள். சட்டை, போன், வண்டிச் சாவி. சாவியோடு கோத்திருந்தது அந்தக் கட்டைவிரல் கருவி.

அவசரப் பிரிவில் பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அவன் முகம் வெளுத்துப்போய், உதடு வெடித்துக் கிடந்தான். மானிட்டர் பாட்டுக்கு ஓடியது. பம்பின் முனகல் காலையில் கேட்டதைவிடக் கனத்திருந்தது. வலதுகை போர்வைக்கு வெளியே இருந்தது. லேத்தில் வேலை பார்த்துக் காய்ப்புக் காய்த்த கட்டைவிரல்.

"டேய் சாமி" என்றாள். "கண்ணு, ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா. வேணும்னு சொல்லு. இல்ல வேண்டாம்னாச்சும் சொல்லித் தொலைடா."

அவன் எங்கே சொல்லப்போகிறான்? சொல்லக்கூடியவனாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? குடுத்தது குடுத்ததுதான்க்கா என்றிருப்பான். எதிராளி பச்சைத் தண்ணீர் கேட்டால் பானையோடு தூக்கிக் கொடுக்கிற ஜாதி அவன். அதனால்தான் அவனைக் கேட்க முடியாமல் இருப்பது அவளுக்கு ஒரு விதத்தில் வசதியாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றிய உடனே தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

கருவியைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சாந்தாமணியை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாப்பிட்டாங்களான்னு கேளுங்க. பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தையை அவள் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா? கோகிலவாணி நல்லவள். இத்தனை பேருக்கு உயிர் கொடுத்தவள். அவளை விட்டுத்தள்ளுங்கள், அந்தக் கட்டில் பக்கத்தில் நாம் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள். நேரம் முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஆரம்பித்தால்தான் விடிவதற்குள் முடியும்.

அவன் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் வைத்து அழுத்தினாள். விரல் சூடாக இருந்தது. எதிர்க்கவும் இல்லை, ஒத்துழைக்கவும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

அவள் போனில் எல்லாருக்கும் வந்த அதே வரி வந்தது: 'நந்தகோபால் தன் முறையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.' அடுத்த நிமிஷம் குழுவில் சேதிகள் கொட்ட ஆரம்பித்தன. தம்பி கண் முழிச்சாச்சா, ஆண்டவன் இருக்கான் என்றார் திருப்பூர்க்காரர். பொள்ளாச்சி வாத்தியார் கும்பிடுகிற கை படம் பத்துப் பதினைந்து போட்டிருந்தார். பல்லடத்து அம்மாள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கப்போவதாக எழுதியிருந்தாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அன்னூரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

கணபதியில் மிஷின் ஓடியது. அன்றைக்குப் போல அது எப்போதும் வெட்டியதில்லை. ஊரூராக அத்தனை போர்டும் ஒரு தப்பில்லாமல் கணக்குப் போட்டன. அன்னூர்ப் போர்டுகளும் சேர்ந்துதான் போட்டன. குழந்தைவேலு கோபத்தில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் பிடுங்கவில்லை. விடிந்தபோது இதழ்கள் கண்ணாடி போல மின்னின. டாக்டர் மெஹருன்னிசா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதாம்மா ஒசத்தி" என்றார். கோகிலவாணி தலையை ஆட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நந்தகோபால் கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்டான். கொஞ்சம் குடித்தான். அக்காவைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"திட்டாதக்கா. முறைய அன்னூருக்குக் குடுத்துட்டேன். உங்கிட்டச் சொல்லல."

"தெரியும்."

"அப்பறம் எனக்கு இது எப்படிக் கெடச்சுது?"

"எப்படியோ கெடச்சுது. பேசாமப் படு."

"அன்னூர்ல முடிஞ்சுதாக்கா?"

அவள் தலையணையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வையையும் இழுத்துவிட்டாள். "முடிஞ்சுதுடா" என்றாள்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. போனைக் கொண்டா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்றான். உடம்பு தேறட்டும் என்றாள். இல்லை இப்பவே என்றான். டாக்டர் திட்டுவார் என்றாள். நோயாளியின் பிடிவாதத்தை யாரால் தடுக்க முடியும்? அவன் போனைக் கொடுத்தால் குழுவின் சேதிகளைப் பார்த்துவிடுவான். இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள் பார்க்கத்தான் போகிறான். அந்த வரியை அழிக்க முடியாதபடி எழுதினவளே அவள்தான். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று தன் போனிலேயே போட்டு, அவன் கைக்குப் பலம் இல்லாததால் ஒலிபெருக்கியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்க அடிக்க, எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது என்று மனசுக்குள் வேண்டினாள்.

எடுத்தார்.

"அண்ணா, நான் நந்து பேசறனுங்க."

அந்த மனுஷருக்கு எல்லாம் தெரியும். தம்பி நினைவில்லாமல் கிடக்கிறான் என்று அவள்தான் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் அந்தக் கட்டைவிரல் எப்படி எழுந்து வந்தது என்று புரியாமல் இருக்க அவர் குழந்தையா? குழுவில் எல்லாரையும் நம்பவைத்த பொய், அவரிடம் மட்டும் செல்லாது. ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும்.

"தம்பி!" என்றார் குழந்தைவேலு. "எந்திரிச்சுட்டீங்களா சாமி? ஒடம்பு எப்படி இருக்குதுங்?"

"எனக்கென்னங்ணா, இரும்பு மாதிரி இருக்கறேன். அங்க நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"ம்" என்றார் அவர். செருமிக்கொண்டார். "முடிஞ்சுதுங்க தம்பி. நல்லபடியா வந்துருக்குது. நீங்க அதப்பத்தி வெசனப்படாதீங்க."

"சாந்தாமணியக்காகிட்டக் குடுங்க, பேசறேன்."

"இவ படுத்திருக்காளுங்க. தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்."

"சரிங்ணா, அப்பறமாப் பேசறேன். எனக்கு இப்பத்தானுங்க நிம்மதி" என்று நந்தகோபால் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கோகிலவாணி போனை அணைக்கப் போனாள். "அம்மணி இருக்காங்களா?" என்று குரல் கேட்டது.

"இருக்கறனுங்கண்ணா."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள். ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, விரல் வரவில்லை. குழந்தைவேலு திட்டவில்லை. வழக்கமான மரியாதை குறையாமல், சின்ன உதவி கேட்கிற தொனியில்தான் கேட்டார்.

"எங்களுக்கு அடுத்த முறை என்னிக்கு வருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அம்மணி. தைக்கு முன்னால ஏதாச்சும் வருமான்னு."

"பாக்கறனுங்கண்ணா."

அவள் திரையில் வரிசையைத் திறந்தாள். நந்தகோபால் கண்ணை மூடிக்கொண்டே, தூக்கக் கலக்கத்தில் கேட்டான்.

"ஏனக்கா, அதுதான் முடிஞ்சுபோச்சே? அவருக்கு எதுக்கு இப்ப அடுத்த முறை?"

கோகிலவாணி அன்னூரைத் தேடி வரிசையில் ஒவ்வொரு பெயராகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.